டிஸ்க் இருக்கிறது, இன்ஸ்டாலருக்குத் தெரியவில்லை: ஒரு அச்சக சர்வர் பற்றிய நிகழ்வு ஆய்வு

சிவகாசியில் ஒரு நடுத்தர அச்சகத்தின் ஃபைல் சர்வர். டெல் பவர்எட்ஜ் ஆர்720, 2012-ல் சந்தைக்கு வந்த மாடல், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. காலண்டர், டைரி, லேபிள் என்று அங்கே அச்சாகிற எல்லாவற்றின் டிசைன் ஃபைல்களும் இதில்தான் இருக்கின்றன. டிசைனர்கள் சாம்பா (விண்டோஸ் கம்ப்யூட்டர்களோடு ஃபைல் பகிரும் மென்பொருள்) வழியாக எடுத்து வேலை செய்வார்கள். வேலை விவரம் வைக்க சின்னதாக ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸும் உண்டு. ஓடிக்கொண்டிருந்தது ரெட் ஹாட் லினக்ஸின் இலவச வடிவமான சென்ட்ஓஎஸ் 7.

சென்ட்ஓஎஸ் 7-க்கான அப்டேட்டுகள் 2024 ஜூன் 30-ம் தேதியோடு நின்றுவிட்டன. அப்டேட் நின்றதும் மறுநாளே சர்வர் படுத்துவிடாது. அந்தத் தைரியத்தில்தான் எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள், இவர்களும் தள்ளிப்போட்டார்கள். ஆடிப்பெருக்குக்குப் புது வருடக் காலண்டர் ஆல்பங்கள் வெளிவந்துவிடும், அதற்கப்புறம் கார்த்திகை வரை யாரும் சர்வர் பக்கம் கை வைக்க விடமாட்டார்கள் என்பதால், சீசனுக்கு முன்பே மாற்றிவிடலாம் என்று இறங்கினார்கள்.

உள்ளூர் டெக்னீஷியன் ஒருவர், அதே ரெட் ஹாட் வகையில் புதியதான ராக்கி லினக்ஸ் 9 பென்டிரைவைப் போட்டு பூட் செய்தார். இன்ஸ்டாலர் நன்றாகவே வந்தது. எந்த டிஸ்க்கில் போடுவது என்று கேட்கும் திரையில் மட்டும் ஒரு டிஸ்க்கும் இல்லை. டிஸ்க்குகளைக் கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டு, "டிஸ்க் எல்லாம் போச்சு, புதுசு வாங்கணும்" என்று சொல்லிவிட்டார். அதற்கான விலைப்பட்டியலும் தயாராகிவிட்டது. அதன் பிறகுதான் எனக்குப் போன் வந்தது.

"தம்பி, டிஸ்க்கே போச்சுன்னுட்டாங்க. உள்ள இருக்க ஃபைலெல்லாம் கிடைக்குமா?"

"பென்டிரைவை எடுத்துட்டுப் போட்டா பழையபடி பூட் ஆகுதா அண்ணாச்சி?"

"அது ஆகுதே. இப்பக்கூட பசங்க அதுலதான் வேலை பாக்காங்க."

பாதி விடை இந்தப் பதிலிலேயே இருக்கிறது. பழைய இயங்குதளம் எந்த டிஸ்க்கிலிருந்து பூட் ஆகிறதோ, அந்த டிஸ்க்கைப் புதிய இன்ஸ்டாலர் பார்க்க முடியவில்லை என்றால், டிஸ்க், கேபிள், பேக்பிளேன் (டிஸ்க்குகளைச் செருகும் பலகை), மின்சாரம் நான்கையும் கிட்டத்தட்ட சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். மீதி இருப்பது மென்பொருள். நான் முதலில் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: யாரும் டிஸ்க்கை இனிமேல் கழற்றக் கூடாது, பூட் ஆகும்போது கன்ட்ரோல்-ஆர் அழுத்தி வருகிற ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து நடத்தும் முறை) மெனுவில் இனிஷியலைஸ் என்று எழுதியிருக்கிற எதையும் தொடக் கூடாது. டிஸ்க் தெரியவில்லை என்ற பதற்றத்தில் அந்த மெனுவுக்குள் போய் டேட்டாவை அழித்துக்கொண்டவர்கள் உண்டு.

கேள்வியைச் சரியான இடத்தில் கேட்பது

நேரில் போனதும் அதே கன்ட்ரோல்-ஆர் மெனுவைப் பார்க்க மட்டும் திறந்தேன். டெல்லின் பெர்க் எச்310 ரெய்டு கார்டு. இரண்டு டிஸ்க் சேர்ந்த ரெய்டு 1-ல் இயங்குதளம், நான்கு டிஸ்க் சேர்ந்த ரெய்டு 10-ல் டேட்டா. இப்படிச் சேர்ந்த இரண்டு வால்யூமும் நல்ல நிலையில் இருப்பதாகக் காட்டியது. அதாவது கார்டுக்கு டிஸ்க்குகள் தெரிகின்றன. தெரியாதது லினக்ஸின் மையமான கர்னலுக்கு.

மறுபடி அதே ராக்கி 9 பென்டிரைவ். இன்ஸ்டாலர் வந்ததும் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கட்டளைத் திரை கிடைக்கும். கர்னலுக்குத் தெரிகிற டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கொடுத்தேன்: பென்டிரைவும் இன்ஸ்டாலரின் சொந்த லூப் சாதனமும் மட்டும். அடுத்து எல்எஸ்பிசிஐ, கூடவே என்என்கே தெரிவு. இதுதான் இந்த வேலையின் முக்கியமான கட்டளை. பிசிஐ வழியாக இணைந்த ஒவ்வொரு சாதனத்தின் பெயரையும், அதன் அடையாள எண்ணையும், எந்த டிரைவர் அதை ஓட்டுகிறது என்பதையும் காட்டும். ரெய்டு கார்டு அங்கே இருந்தது. மெகாரெய்டு எஸ்ஏஎஸ் 2008, ஃபால்கன், அடையாள எண் 1000:0073. நெட்வொர்க் கார்டுகளுக்குக் கீழே 'பயன்பாட்டில் உள்ள டிரைவர்' என்ற வரி இருந்தது. ரெய்டு கார்டுக்குக் கீழே அந்த வரியே இல்லை.

இந்தக் கார்டை ஓட்டுகிற டிரைவரின் பெயர் மெகாரெய்டு_எஸ்ஏஎஸ். அது இன்ஸ்டாலரில் இல்லையா என்றால், இருக்கிறது. டிரைவரின் விவரத்தைக் காட்டும் மாட்இன்ஃபோ கொடுத்தால் பதிப்பு எண்ணோடு வந்து நிற்கிறது. ஆனால் அதன் கீழ் வரும் ஏலியாஸ் வரிகளைப் படித்தால்தான் விஷயம் புரியும். ஒவ்வொரு வரியிலும் ஒரு தயாரிப்பாளர் எண், ஒரு சாதன எண். தயாரிப்பாளர் 1000 என்று பல வரிகள். சாதனம் 0073 என்று ஒரு வரி இருக்க வேண்டும், அது இல்லை. சென்ட்ஓஎஸ் 7-ல் பூட் செய்து அதே கட்டளையைக் கொடுத்தால் அந்த வரி இருக்கிறது.

லினக்ஸில் டிரைவர் தானாக ஏறுவது இந்த ஏலியாஸ் வரிகளை வைத்துத்தான். கர்னல் ஒரு சாதனத்தைக் கண்டதும் அதன் எண்ணை அறிவிக்கும். எந்த டிரைவரின் பட்டியலில் அந்த எண் இருக்கிறதோ, அந்த டிரைவர் ஏற்றப்படும். பட்டியலில் எண் இல்லையென்றால் டிரைவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் பயனில்லை. ரேஷன் கடை திறந்திருக்கிறது, அரிசியும் இருக்கிறது, லிஸ்டில் உங்கள் பெயர் இல்லை என்றால் என்ன நடக்குமோ அதுதான். பிழைச் செய்தி கூட வராது. கர்னலைப் பொறுத்தவரை தனக்குத் தெரிந்த கார்டு எதுவும் அங்கே இல்லை, அதனால் புகார் செய்யவும் ஒன்றுமில்லை. கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்க் வெளியீட்டில் சிவப்பாக எதையாவது தேடுகிறவர்கள் ஏமாந்துபோவது இங்கேதான்.

ஏன் நீக்கினார்கள்

2019 மே மாதம் வெளிவந்த ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8-லிருந்து பல பழைய ரெய்டு, எஸ்ஏஎஸ் (சர்வர் டிஸ்க்குகளை இணைக்கும் முறை) கார்டுகளுக்கான எண்கள் நீக்கப்பட்டன. எதையும் ஒளித்துச் செய்யவில்லை. 7-லிருந்து 8-க்கு மாறுகிறவர்களுக்கான ஆவணத்திலேயே நீக்கிய கார்டுகளின் பட்டியல் இருக்கிறது. மெகாரெய்டு_எஸ்ஏஎஸ் டிரைவரில் 0073 மட்டுமல்ல, 0079, 0071, இன்னும் பழைய 1078 குடும்பம் எல்லாமே போயின. எச்பி ஸ்மார்ட் அரே வரிசையிலும் இதே கதை. ஒரு பெரிய வெளியீட்டைப் பத்து வருடம் தாங்குவதாக வாக்குக் கொடுக்கிற நிறுவனம், அப்போதே ஏழெட்டு வயதான கார்டுகளை மேலும் பத்து வருடம் சோதித்துக்கொண்டிருக்க விரும்பவில்லை. காசு கொடுத்து சப்போர்ட் வாங்கும் வங்கிகளும் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் வயதான கார்டுகளில் ஓட்டுவதும் இல்லை. ஓட்டுகிறவர்கள் நாம்தான், செகண்ட் ஹேண்ட் சர்வர் வாங்குகிறவர்கள்.

ராக்கி லினக்ஸ் ரெட் ஹாட்டின் மூலத்தை அப்படியே பின்பற்றுவது என்ற கொள்கையில் இருப்பது. அங்கே இல்லாத எண் இங்கேயும் இருக்காது. கர்னலின் மூலத்தில், அதாவது லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிடும் லினக்ஸில், இந்த எண்கள் எதுவும் நீக்கப்படவில்லை. ஆக "ஹார்ட் டிஸ்க் ஏன் தெரியவில்லை" என்ற கேள்வியும் "எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸின் எந்த வகை) போடலாம்" என்ற கேள்வியும் இங்கே ஒரே கேள்விதான். இரண்டாவதைக் கேட்கும்போது நம்மாட்கள் டெஸ்க்டாப் அழகிலிருந்தும் யார் எதைப் பயன்படுத்துகிறார்கள் என்பதிலிருந்தும் ஆரம்பிக்கிறார்கள். சர்வருக்கு, அதுவும் பழைய சர்வருக்கு, டிஸ்க் கன்ட்ரோலரிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்பது என் கட்சி.

இது வேறு நோயாகவும் இருந்திருக்கலாம்

எல்லா இடத்திலும் காரணம் இதுவாக இருக்காது. கொஞ்சம் விலகிச் சொல்லிவிட்டு வருகிறேன். மெஷின் எழும்போது முதலில் ஓடும் பயாஸுக்கே டிஸ்க் தெரியவில்லை என்றால் லினக்ஸைக் குற்றம் சொல்லாமல் கேபிளைப் பாருங்கள். வெளிப்புற யுஎஸ்பி பெட்டியிலிருந்து கழற்றிய பெரிய சாட்டா டிஸ்க் சில பவர் சப்ளைகளில் சுழலவே சுழலாது. சாட்டா 3.3 தரத்தில் பவர் இணைப்பின் மூன்றாவது பின் டிஸ்க்கை அணைக்கும் சைகையாகிவிட்டது. பழைய பவர் சப்ளை அந்தப் பின்னில் 3.3 வோல்ட்டை விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். மின்சாரம் கடத்தாத காப்டான் டேப் துண்டு ஒன்றை அதன் மேல் ஒட்டினால் டிஸ்க் எழுந்துவிடும்.

இன்டெல் மதர்போர்டில் என்விஎம்இ டிஸ்க் தெரியவில்லை என்றால் பயாஸில் சாட்டா பயன்முறை ரெய்டு என்று இருக்கிறதா பாருங்கள். கர்னலே டிமெஸ்க்கில், ரெய்டிலிருந்து ஏஎச்சிஐ-க்கு மாற்று என்று எழுதிவைத்திருக்கும். ஸ்டோரேஜ் பெட்டிகளிலிருந்து வந்த செகண்ட் ஹேண்ட் எஸ்ஏஎஸ் டிஸ்க்குகள் 512 பைட்டுக்குப் பதில் 520 பைட் செக்டரில் ஃபார்மட் ஆகியிருக்கும். டிமெஸ்க் அந்த எண்ணைச் சொல்லியே மறுக்கும், எஸ்ஜி_ஃபார்மட் போட்டு மாற்றிக்கொள்ளலாம். அதில் இருக்கும் டேட்டா எல்லாம் போய்விடும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு. இன்னும் பழைய எஸ்ஏஎஸ் 1068 சிப் கார்டு என்றால் டிஸ்க் தெரியும், ஆனால் நீங்கள் போட்ட 4 டிபி டிஸ்க் 2 டிபி-க்கு மேல் காட்டாது.

இவை அனைத்திலும் ஏதோ ஒரு தடயம் கிடைக்கிறது. தடயமே இல்லாமல் அமைதியாக இருப்பது நம் அச்சகத்தில் நடந்த வகைதான்.

வழிகளும் அவற்றின் விலையும்

முதலில் எல்லோரும் சொல்வது, ரெட் ஹாட் வகைகளுக்கு வெளியிலிருந்து டிரைவர் கட்டும் ஈஎல்ரெப்போ குழு தரும் டிரைவர் டிஸ்க். நீக்கப்பட்ட எண்களோடு மெகாரெய்டு_எஸ்ஏஎஸ் டிரைவரை மறுபடி கட்டி, ஐஎஸ்ஓ ஃபைலாகத் தருகிறார்கள். இன்ஸ்டாலர் பூட் வரியில் இன்ஸ்ட்.டிடி என்று சேர்த்தால் டிரைவர் ஏறும், டிஸ்க் தெரியும். நல்ல வேலை, வேறொரு சர்வரில் டேட்டா கார்டுக்கு நானும் பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் இங்கே இயங்குதளம் இருக்கும் ரூட் பகுதியே இந்தக் கார்டின் பின்னால் இருக்கிறது. சிறு வெளியீடு மாறும்போது புதிய கர்னலுக்கு இந்த வெளி டிரைவர் பொருந்தாமல் போனால், ரீபூட்டில் இயங்குதளம் ஏறாமல் டிராகட்டின் அவசரத் திரைதான் வரும். அதை ஃபோனில் கேட்டுக் கேட்டுச் சரிசெய்ய வைப்பது இருதரப்புக்கும் தண்டனை. ஒதுக்கினேன்.

இரண்டாவது, கார்டை மாற்றுவது. புதுக் கார்டின் எண் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் இது சுத்தமான தீர்வு. செலவு உண்டு, பழைய ரெய்டு அமைப்பைப் புதுக் கார்டில் இறக்குமதி செய்கிற கணம் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும். இதன் தம்பியாக இன்னொரு யோசனையும் வரும்: எச்310-ஐ ரெய்டு இல்லாத ஐடி மோட் ஃபர்ம்வேருக்கு மாற்றிவிட்டால் வெறும் எஸ்ஏஎஸ் கார்டாகிவிடுமே என்று. மாறும். மாறியதும் அதன் எண் 1000:0072 ஆகும், ஓட்டும் டிரைவர் எம்பிடி3எஸ்ஏஎஸ் ஆகும். அந்தப் பட்டியலிலிருந்தும் 0072 அதே வெளியீட்டில் நீக்கப்பட்டிருக்கிறது. கார்டு கெட்டுப்போகும் அபாயத்தை எல்லாம் தாண்டி வந்து அதே மூடிய கதவின் முன் நிற்க வேண்டியதுதான்.

மூன்றாவது டெபியன். மூலக் கர்னலின் எண்களை நீக்குவதில்லை. 12-ம் பதிப்பு 2023 ஜூனில் 6.1 கர்னலோடும், 13-ம் பதிப்பு 2025 ஆகஸ்டில் 6.12 கர்னலோடும் வந்தன. பென்டிரைவில் போட்டுப் பார்த்தேன், இன்ஸ்டாலர் திரையிலேயே இரண்டு வால்யூமும் வந்து நின்றன. உபுண்டு சர்வர் 24.04-ம் இதே வகை, அதற்கு 5 வருட இலவச அப்டேட். என் சொந்த சர்வராக இருந்தால் பேச்சே இல்லாமல் டெபியன்தான் போட்டிருப்பேன்.

நான்காவது அல்மாலினக்ஸ், ராக்கியைப் போலவே ரெட் ஹாட் வழி வந்தது. 2023 ஜூனில் ரெட் ஹாட் தன் மூல நிரல் வெளியீட்டை சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீமோடு (அடுத்த பதிப்புக்கான முன்னோட்ட வரிசை) நிறுத்திக்கொண்ட பிறகு, அல்மா வரிக்கு வரி நகலாக இருப்பதைக் கைவிட்டது. மென்பொருள் ஒத்து ஓடினால் போதும், உள்ளே தேவையானதை மாற்றிக்கொள்வோம் என்று முடிவெடுத்தார்கள். அந்தச் சுதந்திரத்தை அவர்கள் பயன்படுத்திக்கொண்டதற்கு நல்ல உதாரணம் 2024 மே மாத 9.4 வெளியீடு. மெகாரெய்டு_எஸ்ஏஎஸ், எம்பிடி3எஸ்ஏஎஸ், எச்பிஎஸ்ஏ உள்ளிட்ட டிரைவர்களில் மேலே நீக்கப்பட்ட எண்களைத் தங்கள் கர்னலில் திரும்பச் சேர்த்தார்கள். வெளியிலிருந்து ஒட்டவைத்த டிரைவர் இல்லை, டிஸ்ட்ரோவின் சொந்தக் கர்னலிலேயே வருகிறது. 9 வரிசைக்கு 2032 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு.

பென்டிரைவைப் போட்டு, இன்ஸ்டால் எதுவும் செய்யாமல், கட்டளைத் திரைக்குப் போய் எல்எஸ்பிஎல்கே. எஸ்டிஏ, எஸ்டிபி என்று இரண்டு வால்யூமும் வந்தன. டிஸ்ட்ரோ தேர்வுக்கு நான் நம்புகிற பரீட்சை இதுதான். எந்த விமர்சனத்தைப் படிப்பதையும் விட, போட விரும்பும் ஒவ்வொன்றையும் பென்டிரைவில் ஏற்றி அந்த மெஷினிலேயே எல்எஸ்பிஎல்கே பார்த்துவிடலாம்.

டெபியனா அல்மாவா என்பதைத் தீர்மானித்தது கர்னல் அல்ல. அச்சகத்தில் அன்றாடம் சர்வரைப் பார்த்துக்கொள்வது அங்கே டிசைன் பிரிவில் இருக்கும் ஒரு பையன். மென்பொருள் ஏற்றும் யம் கட்டளையும் ஃபயர்வால்-சிஎம்டியும் அவனுக்குக் கைப்பழக்கம். பாதுகாப்புக்கான எஸ்இலினக்ஸ் லேபிள் தவறிப்போனால் ஷேர் (பகிர்ந்த ஃபோல்டர்) திறக்காது, ரெஸ்டோர்கான் போட வேண்டும் என்பது வரை தெரியும். அவன் எழுதிவைத்த பேக்கப் ஸ்கிரிப்டுகள் ரெட் ஹாட் வகைப் பாதைகளை நம்பி இருக்கின்றன. நான் ஊருக்குப் போன பிறகு இரவு ஒன்பது மணிக்கு ஷேர் திறக்கவில்லை என்றால் உட்காரப்போவது அவன். அதனால் அல்மாலினக்ஸ் 9.

மாற்றியபோது பார்த்தவை

மாற்றும் முன் சென்ட்ஓஎஸ் 7-ல் இருந்தபடியே டிஸ்க்குகளின் உடல்நிலையைப் பார்த்தோம். ரெய்டு கார்டுக்குப் பின்னால் இருக்கும் டிஸ்க்கை ஸ்மார்ட்சிடிஎல் நேராகப் பார்க்காது. டி தெரிவில் மெகாரெய்டு, கமா, டிஸ்க் எண் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். டேட்டா வால்யூமில் ஒரு டிஸ்க்கின் குறைப் பட்டியல் எண்ணிக்கை வளர்ந்திருந்தது. ஆக டெக்னீஷியன் சொன்னதில் ஆறில் ஒரு பங்கு உண்மை. அந்த ஒன்றுக்கு மாற்று வாங்கி, ரெய்டு மறுபடி சேர்ந்து முடியும் வரை வேறெதையும் தொடவில்லை.

பேக்கப் எடுக்க வெளிப்புற யுஎஸ்பி டிஸ்க் ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். ஆர்720-ல் இருப்பவை யுஎஸ்பி 2.0 போர்ட்டுகள், வினாடிக்கு 30 சொச்சம் எம்பி-க்கு மேல் போகாது. அந்த டிஸ்க்கை ஒரு டிசைனரின் கம்ப்யூட்டரில் மாட்டி, கிகாபிட் நெட்வொர்க் வழியாக ஃபைல் நகலெடுக்கும் ஆர்சிங்க் போட்டதும் ஏறக்குறைய மூன்று மடங்கு வேகம் வந்தது.

சென்ட்ஓஎஸ் 7-லிருந்து அப்படியே மேலேற்றித் தரும் எலிவேட் கருவி இருக்கிறது. 7-லிருந்து 8, 8-லிருந்து 9 என்று இரண்டு தாவல். ரூட் இப்படிப்பட்ட கார்டில் இருக்கும்போது நடுவில் எங்கே நின்றாலும் கஷ்டம், அதனால் புதிதாகவே போட்டோம். இன்ஸ்டாலரில் ரெய்டு 1 வால்யூமை மட்டும் டிக் செய்து, டேட்டா வால்யூமைத் தொடாமல் விட்டு, பிறகு எஃப்எஸ்டேப்பில் (எந்த வால்யூம் எங்கே சேரும் என்ற பட்டியல்) சேர்த்துக்கொண்டோம். டேட்டாவில் இருந்தது எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் அமைப்பு. எக்ஸ்எஃப்எஸ்_இன்ஃபோ போட்டு சிஆர்சி 1 என்று இருக்கிறதா என்பதையும் பார்த்தேன். 0 என்றால் அது பழைய நான்காம் வடிவம், கர்னல் அதைக் கைவிடும் பாதையில் இருக்கிறது, வடிவத்தை இருந்த இடத்தில் மாற்ற வழியும் இல்லை. இங்கே 1 இருந்தது, தப்பித்தோம்.

மறுநாள் காலையில் டிசைனர்கள் எல்லோருக்கும் ஷேர் திறந்தது. பிளேட் போடும் பகுதியில் இருந்த கம்ப்யூட்டர் ஒன்றுக்கு மட்டும் திறக்கவில்லை. அது விண்டோஸ் எக்ஸ்பி. பிளேட் தயாரிக்கும் சிடிபி மெஷினுக்கு ஃபைலை அதற்கேற்ற வடிவாக்கி அனுப்பும் ரிப் மென்பொருள் அதில்தான் ஓடுகிறது, மாற்றினால் மென்பொருளையும் புதிதாக வாங்க வேண்டும். சென்ட்ஓஎஸ் 7-ன் சாம்பா 4.10 வரிசை. 4.11-லிருந்து பழைய ஃபைல் பகிர்வு நெறிமுறையான எஸ்எம்பி1 இயல்பாகவே அணைக்கப்பட்டுவிட்டது, எக்ஸ்பி-க்குத் தெரிந்தது அது ஒன்றுதான். எஸ்எம்பி.கான்ஃபில் குறைந்தபட்ச நெறிமுறையை என்டி1 என்று ஒரு வரி எழுதினால் வேலை முடிந்துவிடும். எழுதினால் முழு சர்வரும் அந்தப் பழைய நெறிமுறைக்குக் கதவைத் திறந்துவைக்கும், 2017-ல் வான்னாக்ரை பரவியது அந்த வழியாகத்தான். ஓரமாகக் கிடந்த ஒரு சின்ன கம்ப்யூட்டரில் டெபியன் போட்டு, எஸ்எம்பி1-ஐ அதில் மட்டும் திறந்து, எக்ஸ்பி கம்ப்யூட்டரையும் அதையும் தனி நெட்வொர்க் ஸ்விட்சில் வைத்தோம். பிளேட்டுக்குப் போக வேண்டிய ஃபைல்கள் பெரிய சர்வரிலிருந்து அதற்கு ஆர்சிங்கில் போகின்றன. அண்ணாச்சிக்கு இன்னொரு பெட்டி மின்சாரம் தின்பதில் அவ்வளவாகச் சம்மதம் இல்லை.

இந்த மெஷின் எவ்வளவு நாள் தாங்கும் என்று கேட்டார். ரெட் ஹாட் 10 வரிசை எக்ஸ்86-64-வி3 ப்ராசஸரைக் கேட்கிறது, அதாவது ஏவிஎக்ஸ்2 வேண்டும், ஹாஸ்வெல் தலைமுறையிலிருந்துதான் அது உண்டு. இந்த ஆர்720-ல் இருப்பவை அதற்கு முந்தைய ஜியான்கள். அல்மா 10-க்குப் பழைய ப்ராசஸருக்கான வி2 பதிப்பும் தனியாக வருகிறது, ஆனால் அதுவரை இந்தப் பெட்டியை இழுத்துக்கொண்டு போவதைவிட, இரண்டு மூன்று சீசனுக்குள் அடுத்ததை வாங்கிவிடுவது நல்லது என்று சொன்னேன். அதுவும் செகண்ட் ஹேண்ட்தான் வாங்குவார்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன், விற்பவரிடம் ஏதாவது ஒரு லைவ் பென்டிரைவில் பூட் செய்து எல்எஸ்பிசிஐ வெளியீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள், ரெய்டு கார்டின் எண்ணைப் பார்த்துச் சொல்கிறேன் என்று பையனிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.